காமன் பொட்டலும் திறந்தவெளி அரங்கும்

நாடகம் நடிப்போரால் மட்டும் ஆவதன்று, காண்போரும் சேர்ந்தே அதனை ஆக்குகின்றனர் என்று எமது விரிவுரைகளில் அடிக்கடி கூறப்படுவதுண்டு. முதலாம் ஆண்டில் இக்கூற்றைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன், பரீட்சையிலும் எழுதினேன், புள்ளிகளும் கிடைத்தன. ஆயின் அதன் பொருளை நான் விளங்கிக்கொண்டது விரிவுரை மண்டபத்திலன்று. பேராதனைத் திறந்தவெளி அரங்கில் கழிந்த ஓர் இரவும், நான் பிறந்து வளர்ந்த தோட்டத்தின் காமன் பொட்டலில் கழிந்த இரண்டு இரவுகளுமே எனக்கு அதனைக் கற்பித்தன. அம்மூன்று இரவுகளையும் பற்றி எழுதுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மலையகத் தோட்டங்களில் ஆடப்பெறும் கூத்துகளுள் காமன் கூத்து, பொன்னர் சங்கர், அருச்சுனன் தபசு ஆகிய மூன்றும் தலையாயவை. 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதி தொடக்கம் முதலிற் கோப்பித் தோட்டங்களுக்கும், பின்னர் தேயிலைத் தோட்டங்களுக்குமாகத் தமிழகத்திலிருந்து அழைத்துவரப்பட்ட எம் முன்னோர் தம்மோடு கொண்டுவந்த சொத்துகள் மிகச் சிலவே. அச்சிலவற்றுள் இக்கூத்துகளும் அடங்கும். மாசி மாதத்தில் அமாவாசை கழிந்து பிறை தோன்றியதும், லயங்களுக்கு அண்மையிலுள்ள வெளியிற் காமன் கம்பம் ஊன்றப்படும். அவ்வெளியையே நாம் காமன் பொட்டல் என்கிறோம். கம்பத்தைச் சுற்றி வைக்கோற் பிரியும் வறட்டியும் கட்டப்படும். அன்று தொட்டு இரவுதோறும் தப்பு முழங்கும். சிவனின் தவத்தைக் கலைக்கப் புறப்படும் மன்மதனை அவன் மனைவி இரதி தடுக்கிறாள். அவன் கேளாது செல்கிறான். சிவனின் நெற்றிக்கண்ணால் எரிந்து சாம்பலாகிறான். நிலவு நிறையும் காலத்து இரவொன்றிற் கம்பம் எரிக்கப்படும். இரதி புலம்புவாள். மூன்றாம் நாள் மன்மதன் உயிர்ப்பிக்கப்படுவான். கதை இவ்வளவே. ஆயினும் இக்கதைக்காகத் தோட்டம் முழுவதும் இரவிரவாகக் கண்விழித்திருக்கும்.

என் தந்தையார் இரதி வேடம் கட்டுபவர். பகலெல்லாம் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்யும் அவர், காப்புக் கட்டிய நாள் முதல் மரக்கறி உணவே உண்பார். இஸ்தோப்பிலே தனியே பாய் விரித்துப் படுப்பார். எவரையும் கடிந்து பேசமாட்டார். வேடம் கட்டும் இரவில் அம்மாவின் கூறைச்சேலை அவருடைய உடலுக்கு மாறும். சிறுவனாயிருந்த காலத்தில் இதில் எனக்கு வியப்பன்றி வேறெதுவும் இருந்ததில்லை. நகரத்துப் பாடசாலைக்குச் சென்ற பின்னர்தான், "பொம்பள வேசக்காரன் மகன்" என்ற பட்டப்பெயர் என்னை வந்தடைந்தது. சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்க வேண்டும் என்ற சாட்டோடு ஒரு மாசியிற் பொட்டலுக்குப் போகாதிருந்தேன். அடுத்த மாசியிலும் ஒரு சாட்டுக் கிடைத்தது. தந்தையார் ஏன் என்று கேட்கவில்லை.

பல்கலைக் கழகத்துக்கு வந்த பின்னும் இக்கூச்சம் என்னை விட்டு நீங்கிற்றில்லை. ஒரு நாள் வகுப்பிலே, எவருடைய ஊரிலாவது கூத்து இன்றும் ஆடப்படுகின்றதா என்று விரிவுரையாளர் வினவினார். மட்டக்களப்பு மாணவர் வடமோடி, தென்மோடி பற்றிப் பெருமிதத்தோடு பேசினர். முல்லைத்தீவைச் சேர்ந்த மாணவி கோவலன் கூத்தைப் பற்றிச் சொன்னாள். மன்னார் நண்பன் வாசாப்பைப் பற்றிச் சொன்னான். என் முறை வந்தபோது, "எங்கள் பக்கத்தில் அப்படி ஒன்றும் இல்லை" என்றேன். அவ்வாறு நான் சொல்லிய நாள், தந்தையார் காப்புக் கட்டியிருந்த மாசி மாதத்து நாள்களுள் ஒன்று.

இம்மனநிலையோடுதான் அவ்வாண்டில் ஒரு மாலை, சிங்கள நண்பன் ஒருவனின் அழைப்பை ஏற்றுத் திறந்தவெளி அரங்குக்குச் சென்றேன். பேராதனை மாணவர் அவ்வரங்கினை 'வள' என்பர். பள்ளம் என்பது அச்சிங்களச் சொல்லின் பொருள். மரங்கள் சூழ்ந்த சரிவிற் படிபடியாக அமைந்த இருக்கைகளும், கீழே ஒரு மேடையும், மேலே வானமுமே அவ்வரங்கு. பேராசிரியர் எதிரிவீர சரச்சந்திரவின் பெயர் இன்று அதற்குச் சூட்டப்பட்டுள்ளது. அவருடைய 'மனமே' 1956ஆம் ஆண்டு நவம்பர் 3ஆம் நாள் கொழும்பு லயனல் வென்ட் அரங்கில் முதலில் மேடையேறியது. 'சிங்கபாகு' 1961இல் இந்தப் பள்ளத்திலேயே முதன்முதல் அரங்கேறியது. நான் காணச் சென்றதும் அந்தச் 'சிங்கபாகு'வே. இங்கு கூடும் மாணவர் கூட்டம் இரக்கமற்றது. நடிகர் தடுமாறினால் கூச்சலிட்டே மேடையை விட்டிறக்கிவிடும் என்று நண்பன் முற்கூட்டியே எச்சரித்திருந்தான். பத்திரிகைத் தாளை விரித்து அமர்ந்தோம். மகாவலிப் பக்கமிருந்து குளிர்காற்று வீசத் தொடங்கியிருந்தது.

எனது சிங்களம் கடைத்தெருவுக்குப் போதுமானது. காவிய நடைக்குப் போதாது. ஆதலின் நண்பன் என் காதருகே குனிந்து கதையைச் சொல்லிக்கொண்டிருந்தான். வங்க நாட்டு அரசிளங்குமரி சுப்பாதேவி சிங்கத்தோடு வாழ்ந்து, சிங்கபாகு என்ற மகனையும் சிங்கசீவலி என்ற மகளையும் பெறுகிறாள். தந்தை வேறொரு பிறவியாயிருப்பதன் காரணத்தை மகன் தாயிடம் வினவுகிறான். மனிதர் வாழும் நாட்டுக்குச் செல்லவேண்டுமென்ற வேட்கை அவனுள் எழுகிறது. தந்தை இரை தேடச் சென்ற வேளையிற் குகையை மூடியிருந்த கல்லை அகற்றித் தாயையும் தங்கையையும் அழைத்துக்கொண்டு வெளியேறிவிடுகிறான்.

அதன் பின் சிங்கம் மேடைக்கு வந்தது. தாளத்துக்கு இசைய அடியெடுத்து வைத்து, மேடையை வலம் வந்து, வெறுமையான குகையின் முன்னே நின்று பாடத் தொடங்கிற்று. அவ்விடத்தில் நண்பன் மொழிபெயர்ப்பதை நிறுத்திவிட்டான். மறந்து நிறுத்தினானோ, வேண்டாமென்று நிறுத்தினானோ அறியேன். நானும் அவனைத் தூண்டவில்லை. இரக்கமற்றது எனப்பட்ட அக்கூட்டத்தில் இருமல் ஒலிகூட எழவில்லை. வீடு திரும்பிய தகப்பன் ஒருவன் பிள்ளைகளைக் காணாது புலம்புகிறான் என்பதை அறிதற்குச் சிங்களம் தேவைப்படவுமில்லை.

அப்போது எனக்குள் நிகழ்ந்ததை இயன்றவரை உள்ளவாறே சொல்ல முயல்கின்றேன். முதலில் அப்பாடலின் துயரம் என்னைப் பற்றிக்கொண்டது. அடுத்த கணம், இந்நடையை நான் முன்னரே கண்டிருக்கிறேன் என்ற எண்ணம் எழுந்தது. இரண்டு சுற்று நடந்தால் ஒரு காடு கடந்ததாகும் நடை. நின்று திரும்பிப் பாடும் முறை. கதையை இணைத்துச் செல்லும் எடுத்துரைஞர். பாட்டைத் தாங்கி நிற்கும் பின்னணிக் குழு. இவையெல்லாம் எம் பொட்டலில் இருந்தன. இரதி பொட்டலை வலம் வருதலே அவள் கயிலைவரை நடந்ததாகும். எங்கள் கூத்து வாத்தியார் அடி எடுத்துக் கொடுப்பார். பக்கப்பாட்டுக்காரர் வாங்கிப் பாடுவர். விடியற்காலைக் குளிரிற் குரல் கம்மிப்போய், எரிந்தடங்கும் கம்பத்தின் முன்னே மண்ணில் அமர்ந்து என் தந்தையார் பாடும் புலம்பல், சிங்கத்தின் பாடலுக்குள்ளே எனக்குக் கேட்டது.

நாடகத்தின் இறுதியிற் சிங்கபாகு தன் தந்தையைக் கொல்ல வில்லேந்துகிறான். மகன்மீது கொண்ட அன்பு மட்டுமே நெஞ்சில் இருந்தவரை அவன் எய்த அம்புகள் சிங்கத்தைத் தீண்டவில்லை என்பதும், சினம் புகுந்த பின்னரே அம்பு பாய்ந்தது என்பதும் மகாவம்சம் கூறும் கதை. வகுப்பில் நான் சொல்லிய பொய் அவ்வேளை நினைவுக்கு வந்தது. அன்றிரவு விடுதிக்கு நடந்து திரும்புகையில், நாடகம் பிடித்ததா என்று நண்பன் கேட்டான். "என் தகப்பனும் இப்படித்தான் பாடுவார்" என்றேன். பல்கலைக் கழகத்தில் அதனை நான் முதலிற் சொல்லியது ஒரு சிங்கள நண்பனிடம்; அதுவும் அரைகுறைச் சிங்களத்தில்.

எனக்குத் தோன்றிய ஒற்றுமை வெறும் மயக்கமன்று என்பதைப் பின்னர் நூலகத்திற் படித்தறிந்தேன். சிங்கள நாடகத்துக்குரிய வடிவத்தைத் தேடிய சரச்சந்திர, கிராமங்களின் ஆட்டங்களையும் சடங்குகளையும் ஆராய்ந்தார். ஜப்பானுக்குச் சென்று நோ, கபுகி அரங்குகளையும் கண்டார். இறுதியில் 'மனமே'க்கு அவர் அடிப்படையாகக் கொண்டது சிங்கள நாடகம எனும் கூத்து மரபினை. அம்மரபின் மூத்த கலைஞரான சாள்ஸ் சில்வா குணசிங்க குருன்னான்சே அவருக்குத் துணைநின்றார். நாடகமவோ, கரையோரத்துக் கத்தோலிக்கர் வழியாகத் தமிழ்க் கூத்திலிருந்து சிங்களத்துக்குச் சென்ற வடிவம். ஆகவே 'வள'வில் நான் கேட்ட தாளம் எமக்குத் தூரத்து உறவே. இதே பேராதனையிற் பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் மட்டக்களப்புக் கூத்துகளைச் செம்மைப்படுத்திக் 'கர்ணன் போர்', 'நொண்டி நாடகம்', 'இராவணேசன்' முதலியவற்றை மேடையேற்றினார். இரவு முழுவதும் ஆடப்பட்ட கூத்து மண்டபத்தில் அமர்ந்து காண்போருக்கேற்பச் சில மணிநேரத்துள் அடங்கியது. கற்றோர் அதனைக் கலையென ஏற்றனர். அப்பணி பெரும்பணி என்பதில் ஐயமில்லை. ஆயின் அம்மாற்றத்தோடு காண்போனின் நிலையும் மாறிற்று என்பதை அப்போது நான் சிந்திக்கவில்லை. அடுத்த மாசியில் அது எனக்கு உணர்த்தப்பட்டது.

நான்கு ஆண்டுகளின் பின்னர் அந்த மாசியிற் பொட்டலுக்குப் போனேன். இப்போது எனக்குக் கூச்சமில்லை, மாறாகப் பெருமையிருந்தது. கையிற் குறிப்பேடும் கைத்தொலைபேசியும் இருந்தன. முன்வரிசையில் வசதியான ஓரிடத்தைப் பிடித்துக்கொண்டேன். தப்பின் அடிகளை எண்ணினேன். பாத்திரங்களின் வரவை வரிசைப்படுத்தினேன். என்னருகே சிறுவர் கூச்சலிட்டபோது அவர்களை அடக்கினேன். பெண்கள் இடையிலெழுந்து தேநீர் ஊற்றச் சென்றதும், பெரியவர்கள் நடிகரோடு கேலி பேசியதும் எனக்கு இடையூறாகவே தோன்றின. 'வள'வில் நான் கற்ற மௌனத்தை இவர்களும் கற்றால் எவ்வளவு நன்றாயிருக்கும் என்று எண்ணினேன்.

கம்பம் எரிந்தது. இரதி புலம்பத் தொடங்கினாள். வெளிச்சம் போதாமையால் நான் எழுந்து முன்னே சென்று தொலைபேசியை உயர்த்திப் பிடித்தேன். பின்னாலிருந்து அப்பாயியின் குரல் கேட்டது.

"ஏலே, கூத்துக்கு வந்தியா, படம் புடிக்க வந்தியா? மறைக்காம தள்ளி நில்லு."

திரும்பிப் பார்த்தேன். அவர் அழுதுகொண்டிருந்தார். அவரைச் சூழ்ந்திருந்த பெண்களும் அழுதுகொண்டிருந்தனர். 1948இற் குடியுரிமை இழந்து, 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தால் இரு நாடுகளுக்குமாகப் பங்கிடப்பட்ட குடும்பங்களுள் எங்கள் குடும்பமும் ஒன்று. அப்பாயியின் ஒரே அண்ணன் தலைமன்னாரிற் கப்பலேறிச் சென்றவர், திரும்பியவரல்லர். அவரை ஏற்றிச் சென்ற புகைவண்டியை ஒப்பாரிக் கோச்சி என்றே அப்பாயி சொல்வார். ஆண்டுதோறும் இரதியின் புலம்பலிலே அவர் அழுவது மன்மதனுக்காக மட்டுமன்று. இதனை நான் சிறுவயதிலிருந்தே அறிவேன். அறிந்திருந்தும், அவர் அழுவதற்குக் குறுக்கே தொலைபேசியோடு நின்றுகொண்டிருந்தேன்.

மறுநாட் காலை தந்தையார் முகத்து அரிதாரம் முற்றும் நீங்காத நிலையிற் பீலியடியிற் குளித்துவிட்டு வந்தார். தேநீரைக் கையிலெடுத்தபடி என்னைப் பார்த்துக் கேட்டார்:

"எப்படி இருந்துச்சு, தம்பி?"

நன்றாயிருந்தது என்று சொன்னேன். அவர் தலையசைத்தார். என் பதிலால் அவர் மகிழ்ந்தார் என்றே நினைக்கிறேன். ஆயின் அவ்வினா பல நாள்களாக என்னை உறுத்திக்கொண்டிருந்தது. பொட்டலிலே அவ்வினாவை எவரும் எவரிடமும் கேட்பதில்லை. அப்பாயியிடமோ, பக்கத்து லயத்துப் பெரியப்பாவிடமோ தந்தையார் அதனை ஒருபோதும் கேட்டாரில்லை. அவர்களும் அக்கூத்தினுள் இருந்தவர்கள். வெளியிலிருந்து வந்து பார்த்தவனிடமே அபிப்பிராயம் கேட்கப்படும். தந்தையார் என்னை மதித்தே கேட்டார்; அம்மதிப்பு ஒரு விருந்தாளிக்குக் கொடுக்கப்படும் மதிப்பாயிருந்தது.

மௌனமாக அமர்ந்து காண்பதே உயர்ந்த இரசனை என்ற எண்ணம் எனக்கு எங்கிருந்து வந்தது என்பதையும் பின்னர் ஆராய்ந்தேன். ஐரோப்பாவின் ஓப்பரா அரங்குகளிலேகூட அது நெடுங்கால வழக்கமன்று. 18ஆம் நூற்றாண்டில் அங்கு மண்டபத்து விளக்குகள் எரிந்தபடி இருந்தன. மக்கள் பேசினர், உண்டனர், ஒருவரையொருவர் பார்வையிட்டனர். தமக்குப் பிடித்த பாடல் வந்தபோது மேடையை நோக்கினர். ஜேர்மனியின் பைரோயித் நகரில் வாக்னர் அமைத்து 1876இல் திறந்துவைத்த அரங்கிலே மண்டபம் இருளாக்கப்பட்டது. வாத்தியக் குழுவும் கண்ணுக்குத் தெரியாதவாறு மறைக்கப்பட்டது. இருளில் தனித்தனியே அமர்ந்து மேடையை மட்டும் நோக்கும் பார்வையாளனை உருவாக்கியதில் அவ்வரங்குக்குப் பெரும்பங்குண்டு. நமது கருநாடக இசைக் கச்சேரியிலோ, கையால் தாளமிட்டும் தலையசைத்தும் சபாஷ் என்று வாய்விட்டுச் சொல்லியும் இருப்பவனே நல்ல இரசிகன். நுட்பமான ஒரு சங்கதியின்போது அசையாது இருக்கும் அவையைக் கண்டால் பாடகர் சோர்ந்துவிடக்கூடும். எனவே, காண்போன் கொடுக்கவேண்டியது யாது என்பதை அந்தந்த அரங்கே தீர்மானிக்கிறது. 'வள'வில் நாம் மௌனத்தைக் கொடுக்கிறோம். சிங்கத்தின் பாடலுக்கு அதுவே தகும். காமன் பொட்டல் மௌனத்தைக் கேட்பதில்லை. வைக்கோல் சுமக்கவும், தேநீர் ஊற்றவும், கேலி பேசவும், விடியும்வரை விழித்திருக்கவும், உரிய நேரத்தில் அழவும் அது கேட்கிறது. அவற்றுள் எதனையும் கொடாது, குறிப்பெடுத்துக்கொண்டு மட்டும் வந்தவன் நான்.

மூன்றாவது இரவு இவ்வாண்டு மாசியில் வந்தது. கம்பம் எரியும் நாளுக்கு முன்னரே வீடு சென்றேன். வைக்கோற் பிரி திரிக்கும் வேலையிற் சேர்ந்துகொண்டேன். அன்றிரவு வாத்தியார் என் கையில் ஒரு தீப்பந்தத்தைத் தந்தார். இரதியும் மன்மதனும் லயம் லயமாகச் செல்லும்போது அவர்களுக்கு முன்னே பந்தம் பிடிப்பது என் பொறுப்பாயிற்று. அவ்வாண்டுக் கூத்து எப்படியிருந்தது என்று எவரும் கேட்டால் என்னாற் சரியாகச் சொல்ல இயலாது. எண்ணெய் சேலையிற் சொட்டாதவாறும், கான் ஓரத்தில் இரதியின் கால் தவறாதவாறும் பார்ப்பதிலேயே என் கண் இருந்தது. புலம்பலின்போது என் தோள் வலித்தது. பந்தத்தின் புகை கண்ணிற் பட்டது. என் கண்களில் நீர் வழிந்தது புகையினாலா, வேறெதனாலா என்று பிரித்தறிய நான் முயலவில்லை. என் பக்கத்தில் நின்று அழுத அப்பாயியும் என்னைத் தள்ளி நிற்கச் சொல்லவில்லை.

காலையில் தந்தையார் எப்படியிருந்தது என்று கேட்கவில்லை. "மூணாம் நாளு எழுப்புறப்ப பந்தத்த இன்னுங் கொஞ்சம் ஒசத்திப் புடி தம்பி. இருட்டுல வழி தெரியல" என்றார்.

இங்ஙனம் எழுதுவதனால் எல்லாம் நலமாய் முடிந்தது என்று எவரும் கருதவேண்டா. எங்கள் தோட்டத்து இளைஞர் பலர் கொழும்பிற் கடைகளிலும் ஹோட்டல்களிலும் வேலை செய்கின்றனர். மாசியில் அவர்களுக்கு விடுமுறை கிடைப்பதில்லை. பக்கப்பாட்டுக்கு முன்னர் ஆறு பேர் நின்ற இடத்தில் இன்று இருவரே நிற்கின்றனர். தந்தையாருக்கு ஐம்பது வயது கடந்துவிட்டது; விடியற்காலையில் அவருடைய குரல் முன்போல் எழுவதில்லை. இரதியின் பாட்டுகளை அவரிடமிருந்து கற்றுக்கொண்டவர் எவருமில்லை. அவை எந்தப் புத்தகத்திலும் இல்லை. மூன்றாம் நாள் சடங்கு முடிந்து காப்பு அவிழ்த்தபின், வாத்தியார் என்னைத் தனியே அழைத்து, அடுத்த ஆண்டு இரதிக்கு ஆள் வேண்டும் என்றார். அதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை. நானும் அப்போது பதில் சொல்லவில்லை.

பதில் சொல்ல எனக்குச் சில வாரங்கள் ஆயின. பாடசாலையில் எனக்கிடப்பட்ட பட்டப்பெயர் இன்னும் செவியில் ஒலிக்கிறது என்பதை மறைப்பதில் பயனில்லை. எனக்குக் குரல் வளமும் அதிகமில்லை. எனினும் அப்பாயி திட்டிய அந்த இரவில் நான் பதிவுசெய்த ஒலி என் தொலைபேசியில் இருக்கிறது. இடையிடையே சிறுவரின் கூச்சலும், "தள்ளி நில்லு" என்ற அப்பாயியின் குரலும் அதிற் பதிந்துள்ளன. நண்பர்கள் விடுதியில் உறங்கிய பின்னர் அதனைக் கேட்டு, ஒவ்வோர் அடியாகக் குறிப்பேட்டில் எழுதி வருகின்றேன். விளங்காத சொற்களைத் தந்தையாரிடம் தொலைபேசியிற் கேட்கிறேன். அவர் சொல்லை மட்டும் சொல்வதில்லை. அதன் முன்னும் பின்னுமுள்ள அடிகளையும் சேர்த்துப் பாடியே காட்டுகிறார். இதுவரை பதினொரு பாட்டுகள் ஆகியுள்ளன.